டிவட் எடுக்கணுமா வேணாமா: ஊத்தப்பம், பேப்பர் ரோஸ்ட், இல்ல சும்மா ஒரு தடவல்

"சார், போர்வெல் போடணும்னா மெட்ரோ வாட்டர்ல பர்மிஷன் வாங்கணும்."

கேடி அண்ணன், அதாவது கோல்ஃப் ஆடறப்ப நம்ம பையத் தூக்கிட்டு கூடவே வர்றவர், இத சொன்னப்ப காலைல மணி ஆறேகால். நான் 7 அயர்ன்ங்கற இரும்புத்தலை கிளப்பால அடிச்ச பந்து முப்பது யார்ட் தள்ளி சோகமா உக்காந்திருக்கு, நான் பேத்தெடுத்த புல்லுக்கட்டி, அதான் டிவட், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி மல்லாந்து கிடக்கு. அதே இடத்துல எங்க கூட ஆடற அங்கிள் ஒருத்தர், வயசு 68, ரெண்டு முட்டியும் வலி, அவர் அடிச்சா "டிக்"னு ஒரு சத்தம் தான் வரும், புல்லுல ஒரு கீறல் கூட இருக்காது, பந்து குழி இருக்கற கிரீன்ல போய் உக்காந்துடும். அவர் ஹேண்டிகேப் 12, என்னோடது 21, இது கம்மியா இருந்தா தான் நல்ல ஆட்டக்காரர். இதுல என்ன கொடுமைன்னா எட்டு மாசமா நான் காசு குடுத்து கத்துக்கிட்டு இருந்ததே "டிவட் எடுங்க சார், டிவட் வந்தா தான் அயர்ன் ஷாட்டு"ங்கறத தான்.

போன மாசம் ஆபிஸ்ல கூட வேலை பாக்கறவன் ஒருத்தன், புதுசா ஆட ஆரம்பிச்சிருக்கான், இதே கேள்விய கேட்டான். "மச்சான், ஒருத்தன் மண்ணோட எடுங்கிறான், இன்னொருத்தன் பந்தை மட்டும் நைசா எடுங்கிறான், எதைக் கத்துக்கறது?" வாட்ஸப்ல வாய்ஸ் நோட் போட ஆரம்பிச்சேன், நாலு நிமிஷம் தாண்டியும் முடியல, சரி எழுதியே போட்டுடலாம்னு உக்காந்தேன். நான் கோச் இல்ல, வாரத்துக்கு ரெண்டு நாள் ஆடற ஆளு, இந்த விஷயத்துல மட்டும் கொஞ்சம் அடிபட்டவன், அவ்ளோ தான்.

முதல்ல பேரு. டிவட்ங்கறது ஸ்காட்லாந்துக்காரங்க வார்த்தை, புல்லோட சேந்து வெட்டி எடுத்த மண்கட்டிக்கு அவங்க வச்ச பேரு. இப்ப பறந்து போற புல்லையும் டிவட்னு தான் சொல்றோம், அது விட்டுட்டுப் போற பள்ளத்தையும் டிவட்னு தான் சொல்றோம். நான் இங்க பெரும்பாலும் பள்ளத்தப் பத்தி தான் பேசப்போறேன், ஏன்னா கதை எல்லாம் அங்க தான் எழுதியிருக்கு.

எங்க செட்டுல மூணு வகை வச்சிருக்கோம். ஊத்தப்பம்னா கெட்டியா, ஆழமா, வெங்காயம் போட்ட மாதிரி மண்ணு வேரு எல்லாம் சேந்து வர்றது. பேப்பர் ரோஸ்ட்னா நீளமா மெல்லிசா, புல்லோட மேல் தோலை மட்டும் சீவினா மாதிரி. மூணாவது தடவல், அதாவது மண்ணே எடுக்காம புல்லு நுனிய மட்டும் தொட்டுட்டுப் போறது, நம்ம அங்கிள் ஸ்டைல். டிவிலயும் மூணு வகை ஆளுங்களும் இருக்காங்க. ஸ்டீவ் ஸ்ட்ரிக்கர் தெரியும்ல, அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதற ரைடர் கப்ல 2021ல அமெரிக்கா டீமுக்கு கேப்டனா இருந்தவர், மணிக்கட்டை ரொம்ப மடக்காம ஆடறவர், அவரு டிவட் எல்லாம் பாத்தா இருக்கா இல்லையான்னே தெரியாது, அப்படியே அமெரிக்காவோட ஆம்பளைங்க புரொஃபஷனல் தொடரான பிஜிஏ டூர்ல 12 டோர்னமென்ட் ஜெயிச்சிருக்காரு. அதனால "டிவட் இல்லாம நல்ல அயர்ன் ஷாட்டே கிடையாது"ன்னு யாராவது அடிச்சு சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க.

சரி, அப்ப ஏன் எல்லாரும் டிவட் டிவட்னு உயிரை எடுக்கறாங்க? அதுக்கும் காரணம் இருக்கு, அதை முழுசா புரிஞ்சுக்காம எந்த வழின்னு முடிவு பண்ண முடியாது, அதனால இந்த இடத்துல கொஞ்சம் பொறுமையா படிங்க.

கிளப்பு ஒரு வட்டமா சுத்தி வருது. அந்த வட்டத்துக்கு அடிப்புள்ளி ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல கீழ போகாது, அங்கேந்து மறுபடி ஏற ஆரம்பிக்கும். டிரைவர்ல, தூரமா அடிக்கற பெரிய கிளப்புல, பந்து டீங்கற குச்சி மேல நிக்குது, அதனால அடிப்புள்ளி பந்துக்குப் பின்னாடி இருந்தா கூட பரவால்ல, ஏறும்போது அடிச்சுக்கலாம். அயர்ன்ல பந்து தரையில கிடக்கு. அடிப்புள்ளி பந்துக்கு முன்னாடி, அதாவது டார்கெட் பக்கம் இருக்கணும். அப்ப தான் கிளப் இறங்கிட்டு இருக்கும்போதே முதல்ல பந்து, அப்புறம் புல்லு. டூர்ல ஆடற ஆம்பளைங்க 7 அயர்ன்ல சராசரியா 4 டிகிரி சொச்சம் கீழ்நோக்கி இறங்கி அடிக்கறாங்க, கிட்டக்க அடிக்கற பிட்சிங் வெட்ஜ்ல 5 டிகிரி, இது பந்தையும் கிளப்பையும் ராடார்ல அளக்கற ட்ராக்மேன் கணக்கு. எல்பிஜிஏ, அதாவது பொண்ணுங்க டூர்ல ஆடறவங்க 7 அயர்ன்ல 2 டிகிரி சொச்சம் தான். அந்தப் பொண்ணுங்க அடிக்கற அயர்ன் ஷாட்ட பாத்துட்டு யாரும் குறை சொல்ல முடியாது.

இதுல நான் ஒரு நாள் ராத்திரி உக்காந்து ஒரு சின்ன கணக்கு போட்டேன், என் சம்சாரம் இன்கம் டாக்ஸ் பாக்கறேன்னு நினைச்சுட்டா. கை நீளமும் கிளப் நீளமும் சேத்து வட்டத்தோட ஆரம் சுமாரா 5 அடின்னு வச்சுக்கோங்க. 4 டிகிரில இறங்கினா அடிப்புள்ளி பந்துக்கு 4 இன்ச் முன்னாடி வரும். பந்தைத் தொட்ட இடத்துலேந்து அந்த அடிப்புள்ளி வரைக்கும் கிளப் இன்னும் எவ்ளோ கீழ போகும்? தோராயமா 4 மில்லிமீட்டர். அஞ்சு ஏடிஎம் கார்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா எவ்ளோ உயரமோ அவ்ளோ. 2 டிகிரின்னா 1 மில்லிமீட்டர், ஒரே ஒரு கார்டு. 6 டிகிரின்னா 8 மில்லிமீட்டருக்கு மேல போயிடுது. நெஜத்துல இதுக்கு மேல கீழ கொஞ்சம் மாறும், மண்ணு இளகினா இன்னும் இறங்கும், ஆனா விஷயம் புரியுதுல்ல? டூர் ஆளு கணக்குப்படியே அது பேப்பர் ரோஸ்ட் தான். நான் எட்டு மாசம் வெட்டின ஊத்தப்பம் எந்தக் கணக்குலயும் வரல.

இன்னொண்ணு, பந்தும் கிளப்பும் ஒட்டிக்கிட்டு இருக்கற நேரம் ஒரு செகண்டுல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு தான், பாதி மில்லி செகண்டு. மண்ணு பறக்கறதுக்குள்ள பந்து கிளம்பிடுச்சு. அதனால டிவட் பந்துக்கு ஒண்ணும் பண்றதில்ல, சுழல் குடுக்கறதும் இல்ல, தூரம் குடுக்கறதும் இல்ல. ஹோட்டல்ல சாப்பிட்ட அப்புறம் வர்ற பில்லு மாதிரி அது. பில்லு பெருசா வந்துச்சுன்னா சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு அர்த்தமா என்ன?

அப்ப டிவட் கட்சிக்காரங்க கிட்ட உருப்படியான வாதம் எதுன்னா, தப்புக்கு இடம். அடிப்புள்ளி பந்துக்கு 4 இன்ச் முன்னாடி வச்சிருக்கறவன் ஒரு நாள் தூக்கம் சரியில்லாம ரெண்டு இன்ச் பின்னாடி நகந்துட்டாலும் முதல்ல பந்து தான் படும். தடவல் பார்ட்டிக்கு அடிப்புள்ளியே பந்துக்குக் கீழயோ அரை இன்ச் முன்னாடியோ தான் இருக்கு, அவரு ஒரு இன்ச் நகந்தா போச்சு, இல்ல மண்ணு முதல்ல இல்ல பந்தோட வயித்துல பட்டு தின் ஆகி கிரீனைத் தாண்டி ஓடும். அங்கிள் நாப்பது வருஷமா ஆடறாரு, தினமும் ஒரே மாதிரி ஆடறாரு, அவருக்கு அந்த அரை இன்ச் போதும். நமக்கு?

இதுக்கு மறுபக்கமும் இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. செங்குத்தா இறங்கறவன் தப்பு பண்ணா அது பெரிய தப்பு. மெல்லிசா போறவன் ஒரு இன்ச் பின்னாடி தொட்டா கிளப்போட அடிப்பாகம் வழுக்கிட்டு எப்படியோ பந்தைப் போய் சேந்துடும், பத்து யார்ட் கம்மியா போகும், அவ்ளோ தான். ஊத்தப்பக்காரன் ஒரு இன்ச் பின்னாடி குத்துனா கிளப் அங்கேயே நின்னுடும், பந்து முப்பது யார்ட். முதல் பத்தியில பாத்தீங்களே, அது.

இப்ப தடவல்ல ஒரு போலி இருக்கு, புதுசா ஆடறவங்க இத தான் கவனிக்கணும். புல்லுல கீறல் இல்லாம ரெண்டு பேரு அடிக்கலாம். ஒருத்தர் அங்கிள், எடை முன்கால்ல வந்துடுச்சு, கை பந்துக்கு முன்னாடி, கிளப் தரைக்கு ஒட்டினாப்ல நேரா போகுது. இன்னொருத்தன் பின்கால்லயே சாஞ்சு நின்னுக்கிட்டு பந்தை கரண்டியால அள்ளறா மாதிரி தூக்கி விடறவன், அவன் அடிப்புள்ளி பந்துக்கு நாலு இன்ச் பின்னாடி காத்துல முடிஞ்சுடுச்சு, ஏறும்போது பந்தோட நடுவுல இடிக்கறான். ரெண்டு பேர் நின்ன இடத்துலயும் புல்லு அப்படியே இருக்கும். அவன் கிட்ட போய் "நீங்க தடவற பிக்கர், ஸ்ட்ரிக்கர் மாதிரி"ன்னு சொன்னா அவன் வாழ்நாள் பூரா பந்தோட தலைல பட்டு உருளற டாப் தான் அடிப்பான். என் கோச் "டிவட் எடுங்க"ன்னு சொன்னது இந்த நோய்க்கு மருந்தா தான், நான் ஆரம்பத்துல அள்ளற கேஸு தான், அத ஒத்துக்கணும். ஆனா மருந்த எப்ப நிறுத்தணும்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல, சீட்டுல எழுதின மாத்திரைய எட்டு மாசம் முழுங்கிட்டு இருந்தா என்ன ஆகும், அந்தக் கதை தான்.

ஆனது என்னன்னா முழங்கை. உள்பக்கம், எலும்பு துருத்திக்கிட்டு இருக்குமே அங்க. பால் பாக்கெட்ட தூக்கினா சுருக்குன்னு இழுக்கும். டாக்டர் பாத்துட்டு "கோல்ஃபர்ஸ் எல்போ"ன்னாரு, நான் பெருமைப்படறதா அழறதான்னு தெரியாம முழிச்சேன். அவர் கேட்ட முதல் கேள்வி எங்க ப்ராக்டிஸ் பண்றீங்க. மேட்ல. அங்க தான் வந்து நிக்குது.

ப்ராக்டிஸ் ரேஞ்சுல பச்சைக் கலர் மேட் போட்டிருப்பாங்க, கீழ சிமென்ட் தரை. அது ஒரு நம்பவே கூடாத சாட்சி. பந்துக்கு ரெண்டு இன்ச் பின்னாடி இடிச்சாலும் கிளப் வழுக்கிட்டு போய் பந்தை நல்லாவே அடிச்சுடும், சத்தம் கூட நல்லா தான் இருக்கும், நீங்க "ஆஹா"ன்னு அடுத்த பந்தை வைப்பீங்க. கோர்ஸுக்கு வந்தா அதே ஸ்விங்ல மண்ணு முதல்ல பட்டு டஃப். நான் போயிட்டு இருந்த ரேஞ்சுல மேட் தேஞ்சு போய் நடுவுல பள்ளம் விழுந்திருக்கும், மாத்துங்கன்னு மூணு தடவ சொன்னேன், தலைய ஆட்டுவாங்க, அடுத்த வாரம் அதே மேட். அதுல போய் "கீழ குத்துங்க, கீழ குத்துங்க"ன்னு நூறு பந்து அடிச்சா கை என்ன இரும்பா. மணிக்கட்டுல ஹேமேட்னு ஒரு குட்டி எலும்பு இருக்கு, கொக்கி மாதிரி துருத்திக்கிட்டு, கிரிப்போட நுனி அங்க தான் உக்காரும், கோல்ஃப் ஆடறவங்களுக்கு அது உடையறது உண்டு. அதனால மேட்ல ஊத்தப்பம் ட்ரை பண்ணவே பண்ணாதீங்க, இத மட்டும் கட்டளையாவே சொல்றேன். மேட்ல ஆடணும்னா லேசா தடவற ஷாட், பந்துக்குப் பின்னாடி ஒரு கைக்குட்டைய மடிச்சு நாலு இன்ச் தள்ளி வச்சுக்கோங்க, கைக்குட்டைய தொடாம பந்தைத் தொட்டா சரி.

கை ஆறினப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சம்சாரத்து கிட்ட சொல்லாம கோலமாவு கொஞ்சம் ஹார்லிக்ஸ் மூடில எடுத்துக்கிட்டு ரேஞ்சுக்குப் போனேன். அங்க ஓரத்துல புல்லுத்தரை கொஞ்சம் இருக்கும். குறுக்கால ஒரு கோடு இழுத்தேன், மூணு அடி நீளம். பந்து எதுவும் வைக்கல. கோடு தான் பந்துன்னு நினைச்சுக்கிட்டு 8 அயர்ன்ல பத்து தடவ வீசினேன், ஒவ்வொரு தடவையும் ஒரு ஜாண் நகந்து நகந்து. பந்து பொறுக்கற தம்பி வந்து நின்னு பாத்தான். "சார், பூஜையா?" இல்லப்பா சோதனைன்னேன். பத்துல ஏழு டிவட்டு கோட்டுக்குப் பின்னாடியே ஆரம்பிச்சிருக்கு, சிலது ரெண்டு இன்ச் பின்னாடி, ஒண்ணு மூணு இன்ச் பின்னாடி. கோலமாவு எல்லாம் மண்ணோட கலந்து பறந்துடுச்சு. எட்டு மாசமா நான் பெருமையா எடுத்த டிவட்ல முக்காவாசி பந்துக்கு முன்னாடி ஆரம்பிச்சதே கிடையாது! டிவட் எடுத்தேன், சரி. தப்பான வீட்ல போய் எடுத்தேன்.

அடுத்த வாரம் கேடி அண்ணன் கிட்ட இத சொன்னேன். அவரு ஒண்ணும் பேசல, நான் அடிச்ச பள்ளத்துக்குப் பக்கத்துல குத்த வச்சு உக்காந்தாரு, சுண்டு விரல எடுத்து பள்ளத்தோட ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் தடவினாரு. "இந்தாங்க சார், இங்க ஆரம்பிக்குது, பந்து இங்க இருந்துச்சு" - பந்து இருந்த இடத்துல ஒரு டீய குத்தி வச்சாரு, பள்ளம் அதுக்கு ஒன்றரை இன்ச் பின்னாடி - "இங்க பாருங்க, இந்தப் பக்கம் ஆழம், அந்தப் பக்கம் இல்ல, கிளப்போட நுனி, டோ, குத்துது. அப்புறம் பள்ளம் இடது பக்கம் பாக்குது, நீங்க மேலேந்து வெட்டறீங்க, அதான் பந்து வலது பக்கம் வளையுது." முப்பது செகண்டு. காசு குடுத்து கேட்டதுல இவ்ளோ தெளிவா யாரும் சொல்லல. டோ பக்கம் ஆழமா விழுந்தா கிளப்போட லை, அதாவது தலையும் ஷாஃப்ட்டும் சேர்ற கோணம், உங்களுக்குத் தட்டையா இருக்குன்னு அர்த்தம், ஷாஃப்ட்ட ஒட்டின ஹீல் பக்கம்னா நிமிந்து இருக்குன்னு. அயர்ன் செட்டு வாங்கறதுக்கு முன்னாடி கடைல போய் நிக்கறதுக்குப் பதிலா உங்க டிவட்ட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போங்க.

இதனால தான் டிவட்டே வேணாம்னு நான் சொல்லமாட்டேன். தடவறவருக்கு ஷாட் தப்பானா எதனாலன்னு தரை சொல்லாது. டிவட் எடுக்கறவனுக்கு தரை எழுதி வச்சிருக்கும்.

இப்ப நம்ம ஊரு. வெளிநாட்டு வீடியோவுல பாக்கறத அப்படியே நம்ம சென்னை நந்தனத்துல வந்து ஆட முடியாததுக்குக் காரணம் புல்லும் மண்ணும். நம்ம ஃபேர்வேல, அதான் புல்லு கத்தரிச்ச பாதைல, இருக்கற பெர்முடா புல்லு வேற ஒண்ணும் இல்ல, நம்ம அருகம்புல்லோட குடும்பம் தான், பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போடறோமே அதே. கோர்ஸுல கலப்பினம் போடுவாங்க, சாதா அருகம்புல்லோட ஆப்பிரிக்கா பக்கத்து வகை ஒண்ண சேத்து உண்டாக்கினது, இலை சன்னமா இருக்கும். ஆனா குணம் அதே. ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடின்னு கல்யாணத்துல வாழ்த்துவாங்களே, சும்மா சொல்லல, தரைக்கு மேலயும் கொடி ஓடும், தரைக்குக் கீழயும் ஓடும். வலை மாதிரி பின்னிக்கிட்டு இருக்கும். அதுல ஆழமா வெட்டினா கிளப் முகம் திரும்பிக்கும், அந்த வலை பிடிச்சு இழுக்கும். அதே சமயம் நல்ல அடர்த்தியா இருந்தா பந்து புல்லு நுனி மேல தூக்கி வச்சா மாதிரி உக்காந்திருக்கும், தடவல் ஷாட்டுக்கு இத விட சொகுசான லை, இங்க லைன்னா பந்து கிடக்கற நிலை, கிடையாது. அங்கிள் இந்தப் புல்லுலயே வளந்தவரு, இப்ப புரியுதா அவரு ஏன் அப்படி அடிக்கறாருன்னு.

சீசன் வேற. மே மாசம் அக்னி நட்சத்திரத்துல தண்ணி பாயாத இடமெல்லாம் தரை பாறை. அங்க ஊத்தப்பம் ஆர்டர் பண்ணா ஊத்தப்பம் வராது, கிளப் எகிறி பந்தோட தலைல இடிக்கும், கை அதிரும். புல்லே இல்லாத கெட்டித் தரைல முதல்ல பந்து படணும்ங்கறது மட்டும் தான் சட்டம், டிவட் வர வாய்ப்பே இல்ல, வரவும் வேணாம். வட கிழக்குப் பருவமழை வந்துச்சுன்னா, அக்டோபர்லேந்து டிசம்பர் வரை, நம்ம ஊரு வருஷ மழைல பாதிக்கு மேல அப்ப தான் கொட்டும், அப்ப கதையே தலைகீழ். மண்ணு அல்வா மாதிரி இருக்கும். செங்குத்தா இறங்கறவன் கிளப்ப வெளிய எடுக்க ஆள் கூப்பிடணும். நவம்பர்ல நான் வேணும்னே பந்தை ஒரு அரை இன்ச் பின்னாடி வச்சுக்கிட்டு, ஒரு கிளப் பெருசா எடுத்துக்கிட்டு, மெதுவா முக்கா ஸ்விங்ல சீவறேன், சேறு மூஞ்சில தெறிக்கறது குறைஞ்சிருக்கு. ரெண்டு சீசன்லயும் தோக்கறது ஊத்தப்பம் தான், கவனிச்சீங்களா? அதுக்குன்னு ஒரு நல்ல காலம் ஜனவரி, பிப்ரவரி, தரை அளவா இருக்கறப்ப. அதுக்காக ஒரு ஸ்விங்க கத்துக்க முடியுமா.

கிளப்புக்கு கிளப்பும் மாறும், இது சின்ன விஷயம், சொல்லிட்டு போறேன். வெட்ஜு, 9 அயர்ன் எல்லாம் ஷாஃப்ட் குட்டை, பந்து நடுவுல, தானா கொஞ்சம் செங்குத்தா இறங்கும், அங்க டிவட் கொஞ்சம் தடிப்பா வந்தா பயப்படாதீங்க. 5 அயர்ன், 4 அயர்ன்ல அதே தடிப்பு வந்தா எங்கயோ தப்பு. சின்ன ஹோலான பார் 3ல டீ குத்தி அடிக்கும்போது டிவட்ட தேடாதீங்க. நீளப் புல்லு இருக்கற ரஃப்ல ஆழமா கிடந்தா எல்லாரும் செங்குத்து தான், அங்கிளும். அப்புறம் பவுன்ஸ்னு ஒண்ணு, கிளப்போட அடிப்பாகம் எவ்ளோ புடைச்சிருக்குங்கறது. நீங்க குத்தற ஆளுன்னா பவுன்ஸ் அதிகமா, 12 டிகிரி மாதிரி, வெட்ஜ் வாங்குங்க, அது மண்ணுல புதையாம காப்பாத்தும். தடவற ஆளுன்னா கம்மி பவுன்ஸ், இல்லன்னா கெட்டித் தரைல அது எகிறும்.

மரியாதை விஷயமும் இருக்கு. பள்ளம் விட்டா மூடணும். குளிர் ஊரு புல்லுல பேந்த கட்டிய திருப்பி வச்சு மிதிச்சா வேர் பிடிக்கும்பாங்க, நம்ம புல்லுல அது பெரும்பாலும் காஞ்சு போயிடும், மணலைக் கொட்டி சமமா ஆக்கி விட்டா போதும், பக்கத்துலேந்து கொடி ஓடி வந்து சில வாரத்துல மூடிக்கும். அண்ணன் தோள்ல தொங்கற மணல் பையோட பாதி கனம் என்னால தான்னு எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். ஏன் மூடணும்னா, அடுத்தவன் பந்து அதுல போய் விழுந்தா ரூல்படி அவனுக்கு எந்த விடுதலையும் கிடையாது, கிடக்கற இடத்துலேந்து தான் ஆடணும், அதுவும் உங்க பந்துக்குப் பின்னாடி இருக்கற பள்ளத்துல புல்லுக்கட்டிய வச்சு அமுக்கி லைய சரி பண்ணிக்கிட்டீங்கன்னா ரெண்டு ஸ்ட்ரோக் பெனால்டி. ஆடி முடிச்சிட்டு மூடுங்க.

அப்ப யாருக்கு எது. டேய், உனக்கு தான் எழுதறேன், முப்பத்தஞ்சு வயசு, ஆறு மாசம் ஆச்சு, பாதி பந்து டாப் ஆகுது, அதனால உனக்கு அங்கிள் வழி இப்போதைக்கு வேணாம். நீ இப்ப அள்ளிக்கிட்டு இருக்க, அத தடவல்னு பேர் வச்சு மறைச்சுக்காத. கோலமாவு கோடு போடு, கோட்டுக்கு முன்னாடி புல்லு உரசுதான்னு மட்டும் பாரு, மண்ணு வருதா வரலையாங்கறது உன் கவலை இல்ல. முன்கால்ல எடை வந்து, கை பந்துக்கு முன்னாடி இருந்தா தரை ஈரத்துக்கு ஏத்தா மாதிரி ரோஸ்ட் அதுவா விழும். அம்பத்தஞ்சு அறுபது தாண்டினவங்க, முட்டியோ முதுகோ தோள்பட்டையோ மக்கர் பண்றவங்க, ஏற்கனவே சுத்தமா தடவி அடிக்கறவங்க, அவங்க எதையும் மாத்த வேணாம், டிவட்ட தேடிப் போய் கெடுத்துக்காதீங்க. வேகமா சுத்தற இளம் பசங்க, புல்லுத்தரைல ப்ராக்டிஸ் பண்ண வசதி இருக்கறவங்க, அவங்க கொஞ்சம் தடிப்பா எடுத்தா எடுக்கட்டும், அவங்க உடம்பு தாங்கும். ஆனா டூர் ஆம்பளைங்க 7 அயர்ன்ல மணிக்கு 90 மைல் வேகத்துல சுத்தறாங்க, அவங்க கைய முன்னாடி தள்ளி லாஃப்ட்ட, அதான் கிளப் முகத்தோட சாய்வ, குறைச்சாலும் பந்து உயரப் போகும். நம்ம வேகத்துக்கு அத காப்பி அடிச்சா பந்து மொட்டைமாடி போகவேண்டியது முதல் மாடி படிக்கட்டுலயே நின்னுடும். எல்பிஜிஏ சராசரி 76 மைல், நமக்கு பாக்க வேண்டிய வீடியோ அவங்களோடது தான், இத ஆம்பளைங்க கிட்ட சொன்னா முறைக்கறாங்க, முறைக்கட்டும்.

நான் இப்ப எங்க இருக்கேன்னா ஹேண்டிகேப் 18. டிவட் ஒரு கை விரல் நீளம், சில நாள் அதுவும் இல்ல. அண்ணன் பையில மணல் மிச்சம் இருக்கு. போர்வெல் பேச்சு நின்னுடுச்சு, இப்ப "சார், ட்ரிம்மிங்கா"ன்றாரு.

இத பாதி எழுதிக்கிட்டு இருக்கறப்பவே அவன் சனிக்கிழமை ஆடப் போயிட்டான். ஒரு போட்டோ அனுப்பினான், நல்ல நீளமான டிவட், ஓரமெல்லாம் வெட்டினா மாதிரி சுத்தமா, பக்கத்துல அவன் ஷூ. "மச்சான், ஊத்தப்பமா ரோஸ்டா?" ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்தேன். பாக்க ரோஸ்ட் தான். "பந்து எங்க டா இருந்துச்சு?"ன்னு கேட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, இன்னும் பதில் வரல.